குமரி மாவட்ட அகழாய்வுக் களத்தில் ஜி.பி.எஸ்: எந்த அறிகுறிக்கு எங்கே பிழை

ஒரே இடத்தில் நிற்கும் பேஸ் ஒன்று, அதன் திருத்தத்தை வாங்கிக்கொண்டு நம்மோடு நகரும் ரோவர் ஒன்று வைத்து சென்டிமீட்டர் அளவுக்கு இடம் குறிக்கும் ஆர்.டி.கே. கருவியைக் களத்தில் கையாள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பொருந்தும். மெனுவில் பெயர்கள்தான் மாறும்.

சாலை சர்வேயில் ஒரு புள்ளி தவறினால் நாளைக்கு வந்து மறுபடி எடுக்கலாம். அகழாய்வில் அது நடக்காது. பானை ஓட்டை எடுத்து, மண்ணை அள்ளிச் சலித்துக் கொட்டிய பிறகு அளப்பதற்கு அந்த இடமே இருக்காது. அந்த ஓடு எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதற்கு மிஞ்சுவது நாம் எழுதி வைத்த எண்கள் மட்டும்தான். அதனால் கருவி "சரி" என்று காட்டுவதை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், சரிதானா என்று நாமே சோதிக்கும் பழக்கம் வேண்டும். பெரும்பாலான பிழைகள் செயற்கைக்கோளில் இல்லை. பேஸை நிறுத்திய விதத்திலும், உயரம் எழுதிய விதத்திலும், கன்ட்ரோலரில் (கருவியை இயக்கும் கைத்திரை) கொடுத்த அமைப்பிலும்தான் இருக்கின்றன.

முதலில் ஒரு ஆணி

பேஸ் நிற்கும் புள்ளி போக, ஆயத்தொலை தெரிந்த இன்னொரு புள்ளி களத்தில் கட்டாயம் வேண்டும். குழியிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, வண்டியும் மாடும் ஏறாத இடமாகப் பாருங்கள். ஓரடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் போட்டு, நடுவில் ஆணியைப் பதியுங்கள். ஆணித் தலையில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. அந்தச் சின்னப் பள்ளத்தில் ராடின் (ரோவரைத் தாங்கும் கம்பு) முனை உட்கார்ந்தால் அசையக் கூடாது. பஞ்ச் அடிக்காமல் விட்டால் உருண்டைத் தலையில் முனை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சரியும். அங்கேயே அரை சென்டிமீட்டர் போய்விடும்.

காலையில் முதல் அளவும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு அளவும், மாலையில் கடைசி அளவும் இந்த ஆணியில் எடுங்கள். கிடைத்தளத்தில் 2 செ.மீ., உயரத்தில் 3 செ.மீ.க்குள் ஒத்துப்போனால் வேலையைத் தொடங்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்றுதான்; அது சரியாகும் வரை குழியில் ஒரு புள்ளியும் எடுக்க வேண்டாம்.

சிதறால் மலை, வட்டக்கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் பாறையில் ஆணி அடிப்பதும் பெயின்ட் குறி போடுவதும் கூடவே கூடாது. அனுமதி வாங்கி, சின்னத்தின் எல்லைக்கு வெளியே புள்ளி அமையுங்கள்.

அறிகுறி: ஃப்ளோட்டிலேயே நிற்கிறது, ஃபிக்ஸ் வரவில்லை

ஃப்ளோட் என்பது தோராய நிலை, ஃபிக்ஸ் என்பது சென்டிமீட்டர் துல்லியத்துக்கு வந்த நிலை. முதலில் பார்க்க வேண்டியது திருத்தத் தகவல் ரோவருக்கு வந்து சேர்கிறதா என்பது. கன்ட்ரோலரில் திருத்தத்தின் வயது வினாடியில் ஓடும். ஒன்று, இரண்டு என்று நின்றால் வருகிறது. பத்து, இருபது என்று ஏறிக்கொண்டே போனால் வரவில்லை.

வரவில்லை, ரேடியோ வழி என்றால்: பேஸிலும் ரோவரிலும் சேனல், வேகம், புரோட்டோகால் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்று மாறினாலும் வேலை செய்யாது. அடுத்தது ஆன்டெனாவின் உயரம். நம் மாவட்டத்தில் ஒரு விளைக்கும் (தோட்டம்) அடுத்த விளைக்கும் நடுவில் மேடு இருக்கும். இல்லையென்றால் ஒரு பொற்றை (சிறு குன்று) எழுந்து நிற்கும். பேஸை மேட்டில் வைத்து, ரேடியோ ஆன்டெனாவை ஒரு கம்பத்தில் இரண்டு மூன்று மீட்டர் உயர்த்தினாலே பாதி பிரச்சினை தீரும்.

மொபைல் வழி திருத்தம் வாங்குகிறீர்கள் என்றால்: சிம்மில் டேட்டா இருக்கிறதா, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியா, மவுன்ட்பாயின்ட் (எந்தத் திருத்தம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பெயர்) சரியானதா என்று வரிசையாகப் பாருங்கள். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் கேரளத்து டவர் எளிதாகப் பிடிக்கும். ரோமிங் அணைத்து வைத்த சிம் அங்கே பேசாமல் இருந்துவிடும். சர்வே ஆஃப் இந்தியாவின் கார்ஸ் நிலையங்களிலிருந்து (எப்போதும் இயங்கும் நிரந்தர பேஸ்கள்) வாங்கும்போது நிலையத்துக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பிழை கூடும் என்பது பொதுக் கணக்கு. 25 கி.மீ. தள்ளி என்றால் அதுவே இரண்டரை சென்டிமீட்டர். குழி வேலைக்கு அது அதிகம். அகழாய்வுக்குச் சொந்த பேஸ் வைத்துக்கொள்வதே நல்லது.

திருத்தம் வருகிறது, ஆனாலும் ஃபிக்ஸ் இல்லை என்றால் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, தகவலின் வடிவம். பேஸ் தன் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும், ஆர்.டி.சி.எம். 3 என்ற திருத்தத் தகவல் வடிவத்தில் 1005 அல்லது 1006 எண்ணுள்ள செய்தி அது. அது அணைந்திருந்தால் மற்றதெல்லாம் வந்தும் பயனில்லை. இரண்டு, வானம். தென்னந்தோப்பில் ஓலைகள் ஒன்றுக்கொன்று பின்னி நிற்கும். குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இலை இன்னும் அடர்த்தி. மழை பெய்து இலை நனைந்திருந்தால் சிக்னல் மேலும் மங்கும். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு என்பதால் வருஷத்தில் பல மாதம் நனைந்த இலைதான். கருவி சீனாவின் பெய்டூ, இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள் சிக்னல்களை எடுக்கும் என்றால் அவற்றை இயக்கி வையுங்கள். அவற்றில் சில நம் பகுதி வானத்தில் உயரத்திலேயே நிற்பவை, தோப்பின் இடைவெளியில் அவைதான் கைகொடுக்கும். செயற்கைக்கோள்கள் வானத்தில் எவ்வளவு நன்றாகப் பரவி நிற்கின்றன என்பதைச் சொல்லும் பி.டி.ஓ.பி. எண் 2க்குக் கீழே என்றால் நல்லது; 4க்கு மேல் போனால் அளக்காமல் காத்திருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் தோப்புக்குள் மல்லுக்கட்டாதீர்கள். வெளியே திறந்த இடத்தில் இரண்டு புள்ளிகளை ஜி.பி.எஸ்ஸில் நல்லபடியாக எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) உள்ளே கொண்டுபோங்கள்.

அறிகுறி: காலையில் நன்றாக இருந்தது, மதியத்துக்கு மேல் தடுமாறுகிறது

வானம் திறந்திருக்கிறது, பேஸ் நகரவில்லை, திருத்தமும் வருகிறது. இருந்தும் இரண்டு மணி, மூன்று மணிக்கு ஃபிக்ஸ் ஆக நேரம் எடுக்கிறது, வந்ததும் போய்விடுகிறது. இப்படி என்றால் கருவியைச் சந்தேகப்பட வேண்டாம். காரணம் நம் தலைக்கு மேலே உள்ள அயனி மண்டலம்.

பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. நம் மாவட்ட எல்லையைத் தாண்டி, திருவனந்தபுரத்தை ஒட்டி இருக்கும் தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கே இதுதான் காரணம்; 1963இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் அயனி மண்டலம் அமைதியாக இருக்காது. சூரியன் உச்சிக்கு வந்து சாயும் நேரத்தில் அங்கே மின்னணுக்களின் அளவு உச்சத்துக்குப் போகும். செயற்கைக்கோள் சிக்னல் தாமதப்படும். ஒற்றை அலைவரிசைக் கருவிக்கு இது பெரிய அடி. எல்1, எல்2, எல்5 என்று பல அலைவரிசை எடுக்கும் கருவி ஓரளவு சமாளிக்கும்.

சூரியன் மறைந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை அயனி மண்டலத்தில் குமிழிகள் போல வெற்றிடங்கள் உருவாகி நகரும். சிக்னல் மினுக்கும், அறுந்து அறுந்து வரும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் ரொம்பவே அதிகம். 2024இல் அப்படி ஓர் உச்சக் கட்டம் வந்தது.

இதை வைத்து வேலையைத் திட்டமிடலாம். முக்கியமான கட்டுப்பாட்டுப் புள்ளிகள், குழியின் மூலைகள், புதிய ஆணி எல்லாம் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள். மதியத்துக்கு மேல் வரைபடம், போட்டோ, பானை ஓடு கழுவுவது, டோட்டல் ஸ்டேஷன் வேலை. பேஸின் இருப்பிடத்துக்காக நீண்ட நேரம் தரவு பதிவு செய்பவர்கள் சாயங்காலம் போட்டுவிட்டு இரவெல்லாம் ஓடட்டும் என்று விடுவதுண்டு. நம் ஊரில் அது சரிவராது. விடியற்காலையில் தொடங்கி நான்கு, ஐந்து மணி நேரம் ஓடவிட்டால் போதும், அந்தத் தரவு எவ்வளவோ மேல்.

அறிகுறி: ஃபிக்ஸ் என்று காட்டுகிறது, புள்ளி தவறாக இருக்கிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். திரையில் பச்சை, துல்லியம் 1 செ.மீ. என்று எழுதியிருக்கும், உண்மையில் அரை மீட்டர் தள்ளி நிற்கும். சிக்னல் நேராக வராமல் எதிலாவது பட்டுத் திரும்பி வரும்போது கருவி தவறான கணக்கில் பூட்டிக்கொள்கிறது. தகரக் கூரை, பக்கத்தில் நிறுத்திய ஜீப், கருங்கல் மதில், ஈரப் பாறை எல்லாம் இதைச் செய்யும். உதயகிரிக் கோட்டை மதிலை ஒட்டியோ சிதறாலின் தொங்கும் பாறைக்கு அடியிலோ நின்று பார்த்தால் வானத்தில் பாதிதான் தெரியும்; அந்த மாதிரி இடத்தில் வரும் ஃபிக்ஸை நம்பவே கூடாது.

சோதனை எளிது. புள்ளியை எடுத்ததும் ஆன்டெனாவைத் தலைகீழாகக் கவிழ்த்து ஃபிக்ஸை அறுத்துவிடுங்கள். நிமிர்த்தி, புதிதாக ஃபிக்ஸ் வந்ததும் அதே புள்ளியை மறுபடி எடுங்கள். முக்கியமான புள்ளி என்றால் அரை மணி நேரம் கழித்தும் ஒருமுறை. அதற்குள் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும். மூன்றும் ஒத்துப்போனால் எழுதிக்கொள்ளலாம்.

ராடின் ரசமட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ராடை ஆணியில் நிறுத்தி, குமிழை நடுவில் கொண்டுவந்து, அப்படியே அரைச் சுற்று திருப்புங்கள். குமிழ் நகர்ந்தால் ரசமட்டம் கெட்டிருக்கிறது. 2 மீட்டர் ராடு ஒரு பாகை சாய்ந்தாலே மூன்றரை சென்டிமீட்டர் விலகல்.

அறிகுறி: உயரம் மைனஸில் காட்டுகிறது

முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போவது இதைப் பார்த்துத்தான். முட்டம் கடற்கரையில் நின்றால் திரையில் மைனஸ் தொண்ணூறுக்கும் கீழே உயரம் வரும். கருவி கெடவில்லை.

ஜி.பி.எஸ். உயரம் சொல்வது ஒரு கணித வடிவத்திலிருந்து, நீள்கோளத்திலிருந்து. நாம் கேட்பது கடல்மட்டத்திலிருந்து. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி உலகத்தில் எங்கும் இல்லாத அளவுக்கு நம் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது: அங்கே கடல்மட்டம் நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் குமரி மாவட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இங்கே தொண்ணூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும்.

தீர்வு: கன்ட்ரோலரில் ஜியாய்டு மாதிரியை (இடத்துக்கு இடம் அந்த இடைவெளி எவ்வளவு என்று சொல்லும் தரவு) ஏற்றுங்கள். இ.ஜி.எம். 2008 பெரும்பாலான கருவிகளில் கிடைக்கும். ஏற்ற முடியாது என்றால் கையால் கணக்குப் போடலாம். நீள்கோள உயரத்திலிருந்து ஜியாய்டு எண்ணைக் கழிக்க வேண்டும். திரையில் −70, அந்த இடத்தின் ஜியாய்டு எண் −96 என்று வைத்துக்கொண்டால், கடல்மட்ட உயரம் 26 மீட்டர். கழிக்காமல் கூட்டிவிட்டால் −166 வரும். அப்படி வந்தால் எங்கே தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

உலக மாதிரி சில பத்து சென்டிமீட்டர் வரை பிசகலாம். குழிக்குள் ஆழம் ஒன்றுக்கொன்று சரியாக இருக்க அது தடையில்லை. ஆனால் வேறு களத்தோடு, பழைய கடல்மட்டத்தோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் சர்வே ஆஃப் இந்தியாவின் பெஞ்ச் மார்க் (உயரம் தெரிந்த குறி) ஒன்றிலிருந்து ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்து உயரத்தைக் களத்துக்குக் கொண்டுவாருங்கள். வெறும் சரிபார்ப்புக்கு என்றால் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எம்.எஸ்.எல். (சராசரிக் கடல்மட்ட) உயரம் போதும், குறி மாறியதா, மாதிரி ஏறியதா என்று அது சொல்லிவிடும்.

இன்னொன்று: களக் குறிப்பேட்டில் நீள்கோள உயரத்தையும் கூடவே எழுதுங்கள். பின்னால் நல்ல மாதிரி வந்தால் மாற்றிக்கொள்ள அதுதான் வேண்டும்.

அறிகுறி: எல்லா உயரமும் ஒரே அளவுக்குத் தப்பு

20 செ.மீ. கூட, அல்லது குறைய, எல்லாப் புள்ளியிலும் அதே அளவு. ராடை 1.80இல் பூட்டிவிட்டு கன்ட்ரோலரில் 2.00 இருந்தால் இப்படி வரும். வித்தியாசம் உருண்டையான எண்ணாக இல்லாமல் மூன்று, ஏழு சென்டிமீட்டர் என்று இருந்தால் பேஸின் முக்காலியைப் பாருங்கள்: உயரத்தைச் சாய்வாக டேப்பில் அளந்துவிட்டு, கன்ட்ரோலரில் செங்குத்து என்று கொடுத்திருப்பார்கள். கருவியில் எந்தக் கோடு வரை அளந்தோம் என்பதையும் எழுதி வைப்பது அவசியம். பிழை ஒரே அளவு என்பதால் பிறகு கணக்கில் சரிசெய்துவிடலாம். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்று தெரிந்தால் மட்டும்.

அறிகுறி: நேற்றுப் போட்ட குழியும் இன்றைக்குப் போட்ட குழியும் பொருந்தவில்லை

இரண்டு, மூன்று மீட்டர் விலகல்; உருவம் மாறவில்லை, மொத்தமாக நகர்ந்திருக்கிறது. பேஸைப் போட்டதும் "இங்கே" என்ற பொத்தானை அழுத்தித் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பொத்தான் அன்றைக்கு அந்த நொடியில் கிடைத்த தோராய இடத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்த நாள் வேறு தோராயம். பேஸிலிருந்து ரோவர் இருக்கும் தொலைவும் திசையும் இரண்டு நாளும் துல்லியம்தான். தொடங்கிய இடம்தான் வேறு.

பேஸுக்கு நிரந்தரப் புள்ளி ஒன்று அமைத்து, அதன் ஆயத்தொலையை ஒரே முறை நன்றாகக் கண்டுபிடித்து, அதன்பின் ஒவ்வொரு நாளும் அதே எண்ணைக் கொடுத்துத் தொடங்குங்கள். கண்டுபிடிப்பதற்கு, மேலே சொன்னபடி காலையில் சில மணி நேரம் தரவைப் பதிந்து, எல்லாக் கருவிக்கும் பொதுவான ரைனெக்ஸ் கோப்பாக மாற்றி, கனடா அரசின் சி.எஸ்.ஆர்.எஸ். பி.பி.பி. சேவைக்கோ ஆஸ்திரேலியாவின் ஆஸ்பாஸ் சேவைக்கோ அனுப்பலாம். காசு கிடையாது. ஏற்கெனவே எடுத்துவிட்ட நாளின் புள்ளிகளை, அன்றைக்குக் காலையில் ஆணியை அளந்திருந்தால், ஆணியின் வித்தியாசத்தைக் கழித்து மீட்கலாம். ஆணியை அளக்காத நாளை மீட்பது கஷ்டம்.

அறிகுறி: டேப்பும் ஜி.பி.எஸ்ஸும் ஒத்துப்போகவில்லை

100 மீட்டர் டேப் பிடித்து இரண்டு ஆணி அடிக்கிறோம். ஜி.பி.எஸ். ஆயத்தொலையிலிருந்து கணக்குப் போட்டால் 100.046 வருகிறது. டேப் இழுபட்டுவிட்டதா, ஃபிக்ஸ் தப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் சரி.

கருவி ஆயத்தொலை தரும் யு.டி.எம். என்பது பூமி உருண்டையை மண்டலம் மண்டலமாகப் பிரித்துத் தட்டையாக விரித்த வரைபடம். நாம் இருக்கும் 43ஆம் மண்டலத்தின் நடுக்கோடு 75 பாகைத் தீர்க்கரேகை, அரபிக்கடல் பக்கம். குமரி மாவட்டம் 77 பாகையைத் தாண்டி, நடுக்கோட்டிலிருந்து இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குக் கிழக்கே. நடுக்கோட்டில் வரைபடத் தூரம் தரைத் தூரத்தைவிடக் குறைவு, 180 கி.மீ. தள்ளி வந்தால் சமம். அதற்கும் அப்பால் கூட ஆரம்பிக்கும். நாம் கூடும் பக்கம். குழித்துறைப் பகுதியில் 100 மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் போலவும், கன்னியாகுமரி ஊரில் ஐந்தரை, ஆறு போலவும் வரும்.

10 மீட்டர் குழி ஒன்றுக்கு இது அரை சென்டிமீட்டர், கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் நூறு, இருநூறு மீட்டருக்குக் கட்டம் போட்டு, ஒரு பக்கம் டேப்பாலும் மறுபக்கம் ஜி.பி.எஸ்ஸாலும் குழி வைத்தால், நடுவில் விடும் பால்க் மண்வரப்பு ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் நிற்கும். அதனால் முடிவு ஒன்றை எடுங்கள்: களத்தின் நடுவே ஒரு புள்ளியை மூலமாக வைத்துத் தரைத் தூரத்திலேயே ஓடும் உள்ளூர்க் கட்டம் அமைத்து, அதை யு.டி.எம்.மோடு இணைக்கும் கணக்கைத் தனியாக எழுதி வைப்பது எனக்குப் பிடித்த வழி. டோட்டல் ஸ்டேஷனும் டேப்பும் நூலும் அதில் ஒரே மொழி பேசும். எது எப்படியானாலும் அளவுக் காரணியை (வரைபடத் தூரத்துக்கும் தரைத் தூரத்துக்கும் உள்ள விகிதம்) இரண்டு கருவியில் இரண்டு விதமாக வைக்காதீர்கள்.

வடக்கும் இதே கதைதான். கட்டத்தின் வடக்கு உண்மை வடக்கிலிருந்து நம் மாவட்டத்தில் சுமார் 20 கலை (பாகையில் மூன்றில் ஒரு பங்கு) கிழக்கே சாயும். 10 மீட்டருக்கு 6 செ.மீ. காந்த ஊசியின் வடக்கு அதற்கு எதிர்ப்பக்கம், மேற்கே, ஒரு பாகைக்கு மேல். பழைய தோண்டல் ஒன்றைத் திசைகாட்டி வைத்துப் போட்டிருந்தால், இன்றைய ஜி.பி.எஸ். கட்டத்தோடு குழிச்சுவர் கோணலாகத் தெரிவது இயல்பு. திட்ட வரைபடத்தில் எந்த வடக்கு என்று ஒரு சொல் எழுதியிருந்தால் அடுத்தவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

அறிகுறி: குழிக்குள் இறங்கினால் போய்விடுகிறது

போகத்தான் செய்யும். இரண்டு மீட்டர் ஆழக் குழியில் ராடின் தலை விளிம்புக்கு மேலே நின்றால் கொஞ்சம் கிடைக்கும்; மூன்று மீட்டர் ஆழத்தில், மண்சுவரை ஒட்டி நின்றால் இல்லை. வெயிலுக்கும் மழைக்கும் மேலே போட்ட கூரை தகரம் என்றால் சுத்தமாக இல்லை. ராடை உயர்த்தி, சாய்த்துப் பிடித்து அளக்கும் வசதி இருந்தாலும் குழிக்குள் நான் அதைச் செய்ய மாட்டேன். உயரத்தில் ஜி.பி.எஸ்ஸின் பிழை கிடைத்தளத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். மண்ணடுக்கோ சில இடங்களில் மூன்று சென்டிமீட்டர்தான் தடிமன். அளவின் பிழை அடுக்கின் தடிமனுக்குச் சமம் என்றால் எந்த ஓடு எந்த அடுக்கு என்று எப்படிச் சொல்வது?

ஜி.பி.எஸ். குழியின் மூலைகளையும் விளிம்பில் ஒரு டேட்டம் ஆணியையும் (ஆழத்தை அளக்கத் தொடங்கும் குறி) உலகத்தோடு இணைக்கட்டும். உள்ளே ஆழத்துக்கு ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் (அளவுகோல்), இடத்துக்கு டோட்டல் ஸ்டேஷன்.

அறிகுறி: பழைய வரைபடத்தில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழுகிறது

பழைய டோபோ ஷீட் எவரெஸ்ட் நீள்கோளத்தில் வரைந்தது. உங்கள் கருவி பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு நீள்கோளம். மாற்றிப் பொருத்தாமல் மேலே வைத்தால் விலகும். 2005ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் தாள்களில் இந்தச் சிக்கல் இல்லை. வயல் எல்லை, எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) வரைபடத்தைப் பொருத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பழைய நில ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். சர்வே கல் இன்றைக்கும் நிற்கும் மூன்று இடங்களையாவது நேரில் அளந்து அதை வைத்துப் பொருத்துங்கள். வரப்பின் மூலையைக் கல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏலாவில் (வயல்வெளியில்) வரப்பு நகரும்.

அறிகுறி: முன்பு எடுத்த பருவத்துக்கும் இப்போதைக்கும் பத்து சென்டிமீட்டர்

பேஸின் ஆயத்தொலையை இரண்டு வருஷம் இடைவிட்டு மறுபடி இணையச் சேவையில் கணக்கிட்டால், வடகிழக்குப் பக்கம் பத்து சென்டிமீட்டர் போல நகர்ந்திருக்கும். ஆணி அசையவில்லை. இந்தியத் தட்டே வருஷத்துக்கு 5 செ.மீ. போல வடகிழக்கே போகிறது, உலகம் முழுவதற்கும் பொதுவான ஆயத்தொலைச் சட்டகத்தில் அது தெரிகிறது. முதல் பருவத்தில் வாங்கிய எண்ணையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அது எந்தத் தேதிக்கு உரியது, எந்தச் சட்டகம் என்றும் எழுதுங்கள்.

அறிகுறி: கணினியில் திறந்தால் புள்ளிகள் கடலில்

எந்தக் கடல் என்பதே பிழையைச் சொல்லும். கொழும்புக்கு மேற்கே விழுந்தால் ஈஸ்டிங் (கிழக்கு எண்), நார்த்திங் (வடக்கு எண்) இடம் மாறியிருக்கிறது. இலங்கையைத் தாண்டிக் கிழக்கே விழுந்தால் 43க்குப் பதில் 44ஆம் மண்டலம் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில், வடதுருவத்தை நோக்கி விழுந்தால் அட்சமும் தீர்க்கமும் மாறிப்போனது. தமிழ்நாட்டை 78 பாகைக் கோடு இரண்டாக வெட்டுகிறது: ஆதிச்சநல்லூர் 43இல், கீழடி 44இல். கீழடிப் பக்கம் பயன்படுத்திய கன்ட்ரோலரை இங்கே கொண்டுவந்தால் முதல் வேலை மண்டலத்தை மாற்றுவதுதான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 43ஆம் மண்டலத்துக்கு 32643 என்ற இ.பி.எஸ்.ஜி. எண். நம் மாவட்டத்தில் ஈஸ்டிங் ஏழு லட்சத்துச் சொச்சம், நார்த்திங் ஒன்பது லட்சத்தை ஒட்டி வர வேண்டும். வேறு மாதிரி இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

புள்ளிகள் ஊருக்குள்தான் விழுகின்றன, ஆனால் கோடு போட்டது போல வரிசை வரிசையாக நிற்கின்றன என்றால் எக்செல் தசமத்தை வெட்டிவிட்டது. பாகையில் ஐந்து தசமம் என்பது ஒரு மீட்டர். எட்டு தசமம் வையுங்கள், மூலக் கோப்பை எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள். நகல் எடுத்து அதைத் திறங்கள்.

அறிகுறி: செயற்கைக்கோள் எண்ணிக்கை திடீரென்று பூஜ்யம்

கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். எண்ணிக்கை வந்து வந்து போனால் இணைப்பான்தான். வட்டக்கோட்டை, முட்டம், குளச்சல் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று பித்தளைத் திருகில் பச்சையாகப் படியும். கழற்றி, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். கடலோரக் களத்தில் இதை வாரம் ஒருமுறையாவது, கெடுவதற்கு முன்பே செய்வது நல்லது.

கருவி வெயிலில் தானாக அணைந்தால் பேட்டரி சூடு. பேஸுக்கு ஒரு குடை போதும், ஆன்டெனாவை மறைக்காமல். மாலையில் சார்ஜ் போடும்போது பேட்டரி ஆறிய பிறகு போடுங்கள். இடி கேட்டால், அது தோவாளைப் பக்க மலைமேல் தொலைவில் கேட்டாலும், உயர்த்தி வைத்த ரேடியோ கம்பத்தை முதலில் இறக்குங்கள். கூட வேலை செய்யும் அக்காமாரையும் அண்ணன்மாரையும் குழியிலிருந்து ஏறச் சொல்லிவிட்டு, மழை விட்டதும் பேஸைத் திரும்பப் போட்டு ஆணியை ஒருமுறை அளந்த பிறகே அடுத்த புள்ளி.